குழாய் எங்கே கசிகிறது? இடத்தைப் பார்த்தே பழுதைக் கண்டுபிடிக்கலாம்

ஒரு குழாயில் தேயக்கூடிய பாகங்கள் மூன்று நான்குக்கு மேல் கிடையாது. ஒரு ரப்பர் வாஷர், ஒன்றிரண்டு ரப்பர் வளையங்கள், புதிய மாதிரியாக இருந்தால் ஒரு கார்ட்ரிட்ஜ். மீதியெல்லாம் வெறும் உலோகம். ஆனாலும் சொட்ட ஆரம்பித்ததும் முழுக் குழாயையும் கழற்றி வீசிவிட்டுப் புதிது மாட்டுகிறோம். நானும் அப்படி இரண்டு மூன்று குழாய்களை வீசியவன்தான். ஒருநாள் வீசப் போன குழாயைச் சும்மா பிரித்துப் பார்த்தேன். உள்ளே நாணயம் அளவுள்ள ஒரு ரப்பர் துண்டு நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது. மற்ற எதற்கும் ஒரு குறையும் இல்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எதையும் கழற்றுமுன் குழாயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, தண்ணீர் முதலில் எந்த இடத்தில் துளிர்க்கிறது என்று பார்ப்பேன். பாதிப் பழுதை அந்த இடமே சொல்லிவிடும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது. உங்கள் குழாய்க்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம்.

ஒரு சொல் தகராறு உண்டு. தமிழில் சுவருக்குள் ஓடுவதும் குழாய்தான், திறந்து மூடுவதும் குழாய்தான். இங்கே திறந்து மூடுவதை மட்டும் குழாய் என்கிறேன், ஓடுவதைப் பைப் என்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். வாஷ்பேசினுக்கும் சிங்குக்கும் அடியில் பெரும்பாலும் ஆங்கிள் வால்வு இருக்கும், அதை மூடினால் போதும். சுவரில் நேராகப் பொருத்திய குழாய்க்கு அந்த வசதி இல்லாமல் போகலாம். அப்போது அந்த அறைக்கோ வீட்டுக்கோ உள்ள பெரிய வால்வைத்தான் மூட வேண்டும். மூடிய பின் குழாயைத் திறந்து, பைப்பில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடிய விடுங்கள். வடிந்து நிற்காமல் நூல் போல வந்துகொண்டே இருந்தால் வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். பல வருடம் தொடாத வால்வை ஒரேயடியாகப் பலம் போட்டுத் திருகினால் அதுவே கசிய ஆரம்பித்துவிடும். கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்து மெதுவாக மூடுங்கள். ஹீட்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

அப்புறம், சிங்க் ஓட்டையில் ஒரு துணியைத் திணியுங்கள். கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ மிகச் சிறியது. கையிலிருந்து வழுக்கினால் வேறெங்கும் போகாது, நேராக ஓட்டைக்குள்தான் போகும். எனக்குப் போயிருக்கிறது. அன்று குழாய் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஸ்க்ரூவை மீட்கத்தான் ஒரு மணி நேரம் சிங்குக்கு அடியில் படுத்துக் கிடந்தேன்.

கழற்றும் பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் வையுங்கள், கைபேசியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர், அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனர், சிறிய ஆலன் கீ செட், டெஃப்லான் டேப், கொஞ்சம் சிலிகான் கிரீஸ் இருந்தால் போதும். பல் வைத்த பிளையர் முலாமைக் கடித்துத் தழும்பாக்கிவிடும். வேறு வழியில்லாமல் அதைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு பிடியுங்கள்.

உங்கள் குழாய் எந்த வகை?

கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முழுதாகத் திறக்க இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தால் அது பழைய வாஷர் வகை. உள்ளே ஸ்பிண்டில் என்ற ஒரு தண்டு, அதன் நுனியில் ரப்பர் வாஷர். மூடும்போது வாஷர் கீழே இறங்கி, தண்ணீர் வரும் ஓட்டையின் பித்தளை விளிம்பில் உட்கார்ந்து அடைக்கிறது. திருகி மூடும் இந்த முறைக்கு இங்கிலாந்தின் ரோதர்ஹாமில் இருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பு நிறுவனம் 1845இல் காப்புரிமை பெற்றது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

கால் சுற்றிலேயே முழுதாகத் திறந்துவிட்டால் உள்ளே ரப்பர் வாஷருக்குப் பதில் இரண்டு செராமிக் தகடுகள் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நகரும். ஓட்டைகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். சுடுதண்ணீரையும் குளிர்தண்ணீரையும் கலந்து தருகிற, ஒரே லிவரைத் தூக்கி இறக்கி, இடமும் வலமும் தள்ளுகிற மிக்ஸரிலும் இப்போதெல்லாம் பெரும்பாலும் இதே வேலைதான் நடக்கிறது. தகடுகள் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். அந்தக் கூடு மொத்தத்தையும் கார்ட்ரிட்ஜ் என்கிறோம்.

மூடிய பிறகும் மூக்கிலிருந்து சொட்டுகிறது

இதுதான் அடிக்கடி வருவது. பழுதா இல்லையா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். நீண்டு வளைந்த மூக்குள்ள குழாயிலும் ஷவரிலும் மூடிய பின் உள்ளே கொஞ்சம் தண்ணீர் தங்கும். அது ஓரிரு நிமிடம் சொட்டிவிட்டு நின்றுபோகும். அதற்கு வைத்தியம் தேவையில்லை. கால்மணி நேரம் கழித்தும் அதே தாளத்தில் சொட்டினால்தான் பழுது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. 20 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று குறைவாகவே கணக்கு வைத்தாலும் நாலு லிட்டருக்கு மேல். குழாயின் சொட்டு பொதுவாக அதைவிடப் பெரிது. ஒரு டம்ளரை ஒரு மணி நேரம் வைத்து, சேர்ந்ததை 24 ஆல் பெருக்கிப் பாருங்கள்.

பகலில் சொட்டாமல் இரவில் மட்டும் சொட்டுவதும் உண்டு. பொது இணைப்பில் இரவில் யாரும் தண்ணீர் எடுக்காததால் பைப்பில் அழுத்தம் ஏறுகிறது. அப்போதுதான் லேசாகத் தேய்ந்த வாஷர் தன் வண்டவாளத்தைக் காட்டுகிறது. வாஷரை இப்போதே மாற்றிவிடலாம், சில வாரங்களில் பகலிலும் சொட்டத்தான் போகிறது.

வாஷர் வகையில் சொட்டினால் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு: இன்னும் பலமாக மூடுவது. முதல் வாரம் நிற்கும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும். வாஷர் முழுக்கத் தேய்ந்து, உலோகத்தோடு உலோகம் உரசி, வாஷர் உட்கார வேண்டிய விளிம்பே வெட்டுப்பட்டுவிடும். ஒரு வாஷரோடு முடிய வேண்டியது அப்படித்தான் முழுக் குழாயையும் விழுங்குகிறது.

மாற்றும் விதம் இது. கைப்பிடியின் உச்சியில் உள்ள சின்ன மூடியைக் கத்தி நுனியால் நெம்பி எடுங்கள். உள்ளே ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றினால் கைப்பிடி மேலே வந்துவிடும். வராவிட்டால் சுத்தியலை எடுக்காதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து, பக்கவாட்டில் அசைத்து இழுங்கள். அடியில் ஆறுமுக நட் ஒன்று இருக்கும். அதைக் கழற்றுமுன் ஸ்பிண்டிலை ஒரு சுற்றுத் திறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். மூடிய நிலையிலேயே நட்டைத் திருகினால் வாஷர் விளிம்பில் நசுங்கிக்கொண்டே சுழலும். திரும்ப மாட்டும்போதும் அதே திறந்த நிலையில்தான் மாட்ட வேண்டும்.

நட்டைக் கழற்றினால் ஸ்பிண்டிலும் நட்டும் சேர்ந்தே வெளியே வரும், அதைத்தான் ஸ்பிண்டில் தலை என்கிறேன். அதன் நுனியில் வாஷர் தெரியும். பழையதைக் கையோடு எடுத்துப் போய் அதே விட்டம், அதே கனத்தில் வாங்குங்கள். கண்ணளவில் வாங்கினால் இரண்டாம் முறை அலைய வேண்டியிருக்கும். இரவு நேரம், கையில் வாஷர் இல்லை, வாஷர் இருபுறமும் தட்டையானது என்றால் அதைக் கழற்றித் திருப்பிப் போடுங்கள். தேயாத பக்கம் கீழே வந்துவிடும், சில நாள் ஓட்டலாம்.

கால் சுற்று வகையில் தனியாக வாஷர் மாற்ற எதுவும் இல்லை. ஸ்பிண்டில் தலையை முழுதாகக் கழற்றி அடியைப் பாருங்கள். அங்கே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பல சமயம் தேய்ந்திருப்பது அதுதான், செராமிக் நன்றாகவே இருக்கும். செராமிக் என்று சொல்வது அநேகமாக அலுமினியம் ஆக்சைடு. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 9, மணலின் கடினம் 7, வைரம் 10. அதனால் மணல் அந்தத் தகட்டை லேசில் கீறாது. ஆனால் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் ஒரு துகள் மாட்டினால் அவை ஒட்டி உட்கார முடியாமல் போகும், சொட்டும். கழற்றி, சுத்தமான தண்ணீரில் அலசி மாட்டினாலே சரியாகிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தகடு விரிசல் விட்டிருந்தால் மட்டும் தலையை மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டைக் கவனியுங்கள்: கைப்பிடி மாட்டும் பற்களின் எண்ணிக்கை, மூடும் திசை. சுடுதண்ணீர்ப் பக்கமும் குளிர்தண்ணீர்ப் பக்கமும் எதிரெதிர்த் திசையில் மூடுகிற மாதிரிகள் உண்டு. இடம் மாற்றி வாங்கிவந்தால், திறக்க நினைத்துத் திருப்பும்போது மூடும்.

லிவர் வகையில் ஆலன் ஸ்க்ரூ ஒன்று சிவப்பு நீலப் பொட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றி லிவரை எடுங்கள். வளைந்த மூடியைக் கையால் திருகி எடுங்கள். அடியில் உள்ள பெரிய நட்டைக் கழற்றினால் கார்ட்ரிட்ஜ் வெளியே வரும். 35 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் விட்டங்கள்தான் அதிகம் புழங்குகின்றன. ஆனாலும் விட்டம் ஒன்றாக இருந்து உயரமும் அடி ஓட்டைகளும் வேறாக இருப்பது சகஜம். பழையது கையில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். மாட்டும்போது அடியில் உள்ள இரண்டு பொட்டு முளைகள் குழாயின் குழிகளில் உட்கார வேண்டும். நட்டை அளவாக இறுக்குங்கள். அதிகமானால் லிவர் கல்லுப்போல் ஆகும், குறைந்தால் அதன் கீழே கசியும்.

எந்த வகையானாலும், வேலை முடிந்து தண்ணீரைத் திறக்கும்போது குழாயைத் திறந்த நிலையில் வைத்துவிட்டு வால்வை மெதுவாகத் திறங்கள். பைப்பில் சிக்கிய காற்று ஒரேயடியாக மூடிய செராமிக் தகட்டில் மோதினால் அது உடையலாம்.

வாஷர் மாற்றியும் சொட்டுகிறது

ஸ்பிண்டில் தலையைக் கழற்றிவிட்டு உள்ளே விரலை விட்டு, வாஷர் உட்காரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். நகம் தட்டுகிற வெட்டோ பள்ளமோ இருந்தால், எத்தனை வாஷர் மாற்றினாலும் பயனில்லை. அந்த விளிம்பைச் சீவிச் சமப்படுத்தும் கைக்கருவி ஒன்று கிடைக்கிறது. அதைக் குழாய் வாயில் திருகி வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். நாலைந்து சுற்று போதும். ஆர்வத்தில் நிறையச் சீவினால் விளிம்பு மெலிந்து போகும். சில குழாய்களில் விளிம்பே தனிப் பாகமாகத் திருகியிருக்கும், அதை ஆலன் கீ போட்டுக் கழற்றி மாற்றிவிடலாம். இரண்டும் முடியாத மலிவுக் குழாய் என்றால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

திறந்தால் மட்டும் கைப்பிடிக்குக் கீழே கசிகிறது

மூடினால் ஒரு சொட்டும் இல்லை, திறந்தால் கைப்பிடியைச் சுற்றி வழிகிறது. வாஷர் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. ஸ்பிண்டில் வெளியே வரும் இடத்தில் உள்ள அடைப்பு தளர்ந்திருக்கிறது. ஸ்பிண்டிலைச் சுற்றி நட் இருந்தால் அதைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் நட்டைக் கழற்றி, டெஃப்லான் டேப்பைக் கயிறு போல முறுக்கி ஸ்பிண்டிலைச் சுற்றிப் பொதிந்து மறுபடி இறுக்குங்கள். கொஞ்சம் புதிய மாதிரியில் அந்த இடத்தில் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும். அதை மாற்ற வேண்டும்.

நீளமான மூக்கு இடமும் வலமும் திரும்புகிற சிங்க் குழாயில், மூக்கின் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்கினாலும் காரணம் ஓ ரிங்தான். மூக்கைக் கழற்றினால் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒன்று மட்டும் அறுந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். மாட்டுமுன் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். வாசலின் தடவக் கூடாது. பெட்ரோலியத்தில் வந்தது எதுவும் பல வகை ரப்பர்களை ஊதவைத்துக் கெடுக்கும்.

தண்ணீர் மெலிந்து வருகிறது, அல்லது பக்கவாட்டில் பீய்ச்சுகிறது

மூக்கின் நுனியில் உள்ள வலைத்துண்டைக் கழற்றுங்கள். ஏரேட்டர் என்பார்கள். தண்ணீரோடு காற்றைக் கலந்து மிருதுவாக விழ வைப்பது அதன் வேலை. கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். தண்ணீர் நன்றாக வந்தால் வேறெதையும் தொட வேண்டாம். வலையில் மணலும் துருவும் வெள்ளைப் படிவும் அடைத்திருக்கும். படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரிலோ எலுமிச்சை உப்புக் கரைசலிலோ போட்டால் நுரைத்துக் கரையும். ஒரு மணி நேரம் போதும், பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்து அலசுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் குழாயின் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அதில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமிய முலாமையே கரைத்துவிடும்.

நுனியில் வலை எதுவும் வெளியே தெரியவில்லை என்றால் அது உள்ளே புதைந்த வகை. அதைத் திருக ஒரு பிளாஸ்டிக் சாவியைக் குழாயோடு கொடுத்திருப்பார்கள், நாம் அதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டிருப்போம்.

ஏரேட்டரைக் கழற்றியும் மெலிதாகத்தான் வருகிறதா? பக்கத்துக் குழாயைத் திறங்கள். அங்கேயும் மெலிது என்றால் பிரச்சினை உங்கள் குழாயில் இல்லை. அங்கே நன்றாக வந்தால், ஆங்கிள் வால்வு பாதி மூடியிருக்கிறதா, அதிலிருந்து குழாய்க்குப் போகும் ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சுடுதண்ணீர் மட்டும் மெலிது என்றால் ஹீட்டர் பக்கம் தேடுங்கள்.

தண்ணீர் பால் போல வெள்ளையாக வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, கவலை வேண்டாம்.

சத்தம் போடுகிறது

குறிப்பிட்ட அளவு திறக்கும்போது மட்டும் தடதடவென்று அதிர்ந்தால், வாஷரைப் பிடித்திருக்கும் சின்ன நட்டோ ஸ்க்ரூவோ தளர்ந்து வாஷர் ஆடுகிறது. விசில் சத்தம் என்றால் தண்ணீர் எங்கோ குறுகிய இடுக்கில் புகுந்து வருகிறது. பாதி திறந்த ஆங்கிள் வால்வை முதலில் பாருங்கள். மூடியவுடன் சுவருக்குள் யாரோ இடிப்பதுபோல் கேட்டால், ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நிறுத்தப்பட்டு அதன் வேகமெல்லாம் அழுத்தமாக மாறிப் பைப்பை உதைக்கிறது. கால் சுற்றுக் குழாய்களில் இது அதிகம், சட்டென்று மூட முடிவதே காரணம். மெதுவாக மூடுங்கள், வெளியே தெரியும் பைப்புகளைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அழுத்தம் 5 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் இருந்தால் குறைப்பு வால்வு போட வேண்டும், அது பிளம்பர் வேலை.

கைப்பிடி முரண்டு பிடிக்கிறது, அல்லது சும்மா சுற்றுகிறது

முரண்டு பிடித்தால் கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது உப்புப் படிந்திருக்கும். பிரித்துச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் தடவினால் போதும். சும்மா சுற்றினால் கைப்பிடி ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்கள். இறுக்கியும் வழுக்கினால் கைப்பிடியின் உட்பற்கள் மழுங்கிவிட்டன, அதை மட்டும் மாற்றலாம்.

சிங்குக்கு அடியில் ஈரம்

கண்ணால் தேடினால் ஏமாறுவீர்கள். மேலே கசிந்த தண்ணீர் ஹோஸ் வழியாக இறங்கி, கீழே உள்ள இணைப்பில் துளியாகத் தொங்கும். பார்ப்பவர் அந்த இணைப்பைப் போட்டு இறுக்குவார். எல்லாவற்றையும் உலரத் துடைத்துவிட்டு, ஒரு டிஷ்யூ பேப்பரை மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் இடம்.

ஹோஸ் நுனி நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கும். அங்கே டெஃப்லான் டேப் சுற்றத் தேவையில்லை, அடைப்பது ரப்பர்தான். கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று. அதற்கு மேல் இறுக்கினால் ரப்பர் பிதுங்கும், சில நேரம் நட்டே விரிசல் விடும். கம்பிப் பின்னலில் துருப்புள்ளியோ அறுந்த இழையோ தெரிந்தால் ஹோஸை அன்றே மாற்றுங்கள். மற்றக் கசிவுகள் சொட்டும். இது வெடித்தால் வீடே குளமாகும்.

குளிர்தண்ணீர்க் குழாயில் சுடுதண்ணீர்

சம்பந்தமே இல்லாத ஒரு குழாயில் குளிர்தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தால், வீட்டில் உள்ள ஏதோ ஒரு மிக்ஸரின் கார்ட்ரிட்ஜில் இரண்டும் உள்ளுக்குள்ளேயே கலக்கின்றன. ஒவ்வொரு மிக்ஸராக அதன் இரண்டு ஆங்கிள் வால்வுகளையும் மூடிப் பாருங்கள். எதை மூடியபோது மற்ற குழாய்கள் சரியாகின்றனவோ அதன் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். வெளியே ஒரு சொட்டும் கசியாததால் இந்தப் பழுது மாதக்கணக்கில் மறைந்திருக்கும். மிக்ஸருக்கும் சூட்டுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1937இல் அல் மோயன் என்ற அமெரிக்க மாணவர் கை கழுவும்போது சட்டென்று வந்த சுடுதண்ணீர் கையைச் சுட்டதில்தான், ஒரே கைப்பிடியில் இரண்டையும் கலக்கும் யோசனை அவருக்கு வந்தது.

சுவரோடு சேரும் இடத்தில் கசிகிறது

இங்கே நிதானம் வேண்டும். குழாயின் மரையில் சுற்றிய டேப் போய்விட்டது, கழற்றிப் புதிதாகச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கழற்றும்போதுதான் ஆபத்து. பழைய இரும்பு பைப்பில் பல வருடம் ஊறிய குழாயை வேகமாகத் திருகினால், மரைத்துண்டு உடைந்து சுவருக்குள் தங்கிவிடும். எனக்கு ஒருமுறை நேர்ந்தது. அரை மணி நேர வேலை என்று ஆரம்பித்தது, டைல்ஸை உடைத்து முடிந்தது. குழாய் அசையவே மறுத்தால், துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை.

டேப் சுற்றும் திசை முக்கியம். மரை நுனி உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் திசையில் சுற்றுங்கள். முதல் மரையை விட்டுவிட்டு, இழுத்துப் பிடித்து, மெல்லிய டேப் என்றால் எட்டுப் பத்துச் சுற்று. திசை மாறினால் குழாயை மாட்டும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். இறுக்கி முடித்தபின், மூக்கு நேராக இல்லையே என்று பின்னோக்கித் திருப்பாதீர்கள். டேப்பின் பிடி போய்க் கசியும். கழற்றி, டேப்பைப் புதிதாகச் சுற்றி, மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அளவு கேட்டால் அரை இஞ்ச் என்பார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தால் மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் இருக்கும், எங்கேயும் அரை இஞ்ச் வராது. பழைய பைப்பின் உள்விட்டத்தை வைத்து வந்த பெயர் அது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது

உடலில் விரிசல், முலாம் உரிந்து பச்சை பூத்தல், வெட்டுப்பட்டுச் சீவ முடியாத விளிம்பு. இவற்றில் ஒன்று இருந்தால் புதிது வாங்குங்கள்.

கடையில் எல்லாக் குழாயும் பளபளக்கும். முலாமுக்கு மேலே பார்த்து ஒன்றும் தெரியாது, முலாம் இல்லாத இடத்தைப் பாருங்கள். தண்ணீர் உள்ளே நுழையும் மரை வாய்க்குள் எட்டிப் பார்த்தால் உலோகத்தின் சொந்த நிறம் தெரியும். மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் வெள்ளையாக, கொஞ்சம் மங்கலாக இருந்தால் அநேகமாகத் துத்தநாகக் கலவை வார்ப்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வெள்ளைதான், ஆனால் அதில் முலாம் பூசாமல் மெருகு மட்டும் ஏற்றியிருப்பார்கள். துத்தநாகக் கலவை கைப்பிடிக்குப் பரவாயில்லை, தண்ணீர் ஓடும் உடலுக்கு நான் வாங்க மாட்டேன். உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும், வெளியே தெரியும்போது உடைந்திருக்கும்.

காந்தத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறவர்கள் உண்டு. காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும். பித்தளையும் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது. நீங்கள் பிரித்தறிய வேண்டிய இரண்டுக்கும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும். எடை கொஞ்சம் உதவும். ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை சுமார் எட்டரை கிராம், துத்தநாகக் கலவை 7 கிராமுக்கும் குறைவு. ஆனால் தடிமனாக வார்த்தால் மட்டமான குழாயும் கனக்கும். எடையை மட்டும் நம்பி ஒருமுறை நான் ஏமாந்திருக்கிறேன்.

பித்தளையிலும் ஒரு சங்கதி உண்டு. சில தண்ணீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் கரைந்துபோய், செம்பு நிறத்தில் பொத்தலான சட்டம் மிஞ்சும். பழைய குழாயைக் கழற்றும்போது மரை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அந்த வீட்டுக்கு, துத்தநாகம் கரையாத வகைப் பித்தளை என்று குறித்திருப்பதைத் தேடி வாங்குங்கள். கடைவதற்கு எளிதாக இருக்கப் பித்தளையில் ஈயம் சேர்ப்பதும் வழக்கம். அமெரிக்காவில் 2014 முதல், குடிநீர் படும் பரப்பில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்தைத் தாண்டாததைத்தான் ஈயமற்றது என்று விற்கலாம். குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் குழாய்க்கு அப்படிக் குறித்தது கிடைத்தால் அதையே எடுங்கள்.

முலாமைப் பார்க்க ஒரு வழி: ஜன்னலோ டியூப் லைட்டோ குழாயில் பிரதிபலிக்கும் கோட்டைப் பாருங்கள். கோடு வழவழப்பாக வளைந்தால் நல்லது. அலை அலையாக, ஆரஞ்சுத் தோல் போலத் தெரிந்தால் மெருகு சரியில்லை. அடிப்பக்கத்தையும் மூலை முடுக்கையும் தடவிப் பாருங்கள். அலட்சியமாகச் செய்தவர்கள் அங்கேதான் விட்டுவைப்பார்கள். மேலே தெரியும் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த படலம்தான், அரிப்பைத் தடுப்பது அடியில் உள்ள நிக்கல்.

கைப்பிடியைத் திருப்புங்கள். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். கரகரப்பு, நடுவில் தளர்வு, பக்கவாட்டு ஆட்டம் கூடாது.

அப்புறம் அழுத்தம். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. மொட்டைமாடித் தொட்டி குழாய்க்கு 4 மீட்டர் மேலே இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.4 பார்தான். அழகான மிக்ஸர்கள் பல குறைந்தது ஒரு பாராவது கேட்கும். பெட்டியில் போட்டிருப்பதைப் படிக்காமல் வாங்கினால், தரமான குழாயே ஒழுகுவதுபோல மெலிதாக விழும். குழாய் மட்டம் என்று திட்டுவீர்கள், பாவம் அது என்ன செய்யும்.

எல்லாவற்றுக்கும் மேல் நான் கேட்கும் கேள்வி ஒன்று: இதன் கார்ட்ரிட்ஜோ ஸ்பிண்டில் தலையோ தனியாகக் கிடைக்குமா? எந்தக் குழாயும் என்றாவது சொட்டும். பாகம் கிடைத்தால் அது இன்னும் பல வருடம் ஓடும். கிடைக்காத குழாய் எவ்வளவு கனமான பித்தளையாக இருந்தாலும் எனக்கு அது ஒருமுறை பயன்படுத்தி வீசும் சாமான்தான். முடிந்தால் குழாயோடு ஒரு கார்ட்ரிட்ஜையும் சேர்த்து வாங்கி, ஏரேட்டர் சாவியோடு ஒரு கவரில் போட்டு, சிங்குக்கு அடியில் ஒட்டி வையுங்கள்.

புதுக் குழாயை மாட்டியதும் ஏரேட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள். பைப்பில் கிளறிவிட்ட துருவும் டேப் துணுக்கும் வெளியே போய்விடும். ஏரேட்டரை மாட்டிய பின், மறுநாள் காலையில் ஒருமுறை டிஷ்யூ பேப்பரை எல்லா இணைப்பிலும் ஒற்றிப் பாருங்கள்.